யார் எழுதியதென்று தெரியாத பாட்டு

யோகமலர் அக்கா ஊரில், முழங்காவிலில் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்று வளர்ந்தவர். இப்போது லண்டன் மோர்டனில் ஒரு லோண்டரியில் உடுப்பு அயன் பண்ணுகிறார். பாட்டுக் கட்டுவதும் அங்கே நின்றபடிதான். மிளகாய் ஆய்ந்த கையின் எரிவைப் பற்றி அவர் கட்டிய பாட்டு வாட்ஸ்அப்பில் லண்டன் முழுக்கச் சுற்றியது. பிறகுதான் மேடைகள் அவரைத் தேடி வந்தன.

போன பொங்கல் விழா ஹரோவில். முந்நூறு பேர் இருந்தோம். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்தது எங்கடை முன்னோர் பாடின பாட்டு. ஆர் எழுதினதெண்டே தெரியாது."

எழுதியவர் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்!

"தம்பி, அது நான் எழுதினது."

"நீங்கள் நல்லாப் பாடுறியள் அக்கா, ஓம். ஆனா இது சனத்தின்ரை பாட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் போட்ட கவிஞர் என்றால் பட்டங்களை வாசிக்கவே அறிவிப்பாளர் பத்து நிமிடம் எடுத்திருப்பார். தோட்டத்தில் நின்றவள் எழுதினால் மட்டும் பாட்டு தானாக முளைத்துவிடுமா?

அக்கா வாதாடவில்லை. அந்தப் பாட்டில் அவர் ஓர் அடி பாட, சபை அதைத் திருப்பிப் பாடும். அன்றைக்கு அவர் முதல் அடியையே மாற்றினார்.

"கழுவக் கழுவப் போகாத சூடு, யோகமலர் கட்டினதெண்டு பாடு!"

முந்நூறு பேரும் திருப்பிப் பாடினோம். அவர் மறுபடியும் பாடினார், நாங்களும் விடவில்லை. கடைசியில் அறிவிப்பாளரும் கை தட்டிக்கொண்டு சேர்ந்து பாடினார்.

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.