பவர் டேபிள்

எங்கள் திருப்பூர்க் கல்லூரியில் புது நூலகம் கட்டியபோது, மின்னூல்களும் இணையமும் இருக்கப்போகிற ஹாலை வடிவமைக்கும் பொறுப்பு நூலகரான என் தலையில் விழுந்தது. முதல்வர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இந்த செமஸ்டர்ல பிள்ளைங்க வந்து உட்காரலீன்னா, ஹாலைத் தேர்வுப் பிரிவுக்குக் குடுத்துருவனுங்க மேடம்."

சொன்னால் செய்கிறவர். பழைய கட்டடத்திலும் கணினிகள் இருந்தன. பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களே தவிர, தொட்டவர்கள் குறைவு.

பிளக் பாயிண்ட் வைத்த மேசைக்கு, நான் பார்த்த விலைப்பட்டியலில் 'பவர் டேபிள்' என்று பெயர். நல்லூரில் மேசை செய்கிறவரிடம் போனில் அதையே சொன்னேன். கம்ப்யூட்டருக்கு என்றும் சொன்னேன்.

"நமக்கு அதுதானுங்க வேலையே, கவலைய விடுங்க" என்றார். விட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கியவை தையல் மேசைகள். திருப்பூரில் பவர் டேபிள் என்றால் மோட்டாரில் ஓடும் தையல் மெஷின். தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த எனக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொன்றின் நடுவிலும் மெஷின் உட்கார ஓட்டை, கீழே காலால் அமுக்கும் மிதி. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மேசைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கம்ப்யூட்டருன்னீங்க, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினாக்கும்னு நெனச்சனுங்க."

திருப்பி அனுப்ப அவகாசமில்லை. ஓட்டையில் ஒயர்களை விட்டு, பலகையால் மூடி, மேலே கணினிகளை வைத்தோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முதல்வர் அடக்கவில்லை.

மறுநாள் ஒரு மாணவி வந்தாள். விடுமுறையில் அம்மாவோடு, பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போகிறவள். பழைய கட்டடத்தில் வாசலோடு திரும்பியவர்களில் ஒருத்தி. மேசையைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் தானாகப் போய் மிதியை அமுக்கியது. ஒன்றும் ஓடவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க மேடம், இதுல என்ன கேட்டாலும் வருங்களா?"

"கேட்டுப் பாரு கண்ணு." இந்த ஊர்க் 'கண்ணு' எப்போது என் வாயில் ஒட்டிக்கொண்டதோ.

ஒற்றை விரலால் இரண்டு எழுத்து தட்டியவள், வாசலில் தயங்கி நின்ற தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வாங்கடி. நம்ம டேபிள்தான்."

தோழிகளுக்கும் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.

செமஸ்டர் முடிவில் முதல்வர் வந்தபோது உட்கார நாற்காலி காலியில்லை. தேர்வுப் பிரிவை மறந்துவிட்டு, குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

"மிதியெல்லாம் கழட்ட ஆள் அனுப்பட்டுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன்.