கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்முகப் பரீட்சை

போன வாரம் கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்முகப் பரீட்சையில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் கேள்வி கேட்கும் பக்கத்தில்! எனக்கென்ன தகுதி? தோழி ரேணுகாவுக்குத் தனியாக இருக்கப் பயம், அவ்வளவுதான்.

ரேணுகா விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பாடசாலை நடத்துகிறாள். ஒன்பது பிள்ளைகள், மூன்று டீச்சர்மார். மூன்று பிள்ளைக்கு ஒரு டீச்சர் – இது அவள் போட்ட சட்டம். மீறிச் சேர்த்தால் ஏதோ ஒரு பிள்ளை மூலையில் சும்மா இருக்கும் என்பாள். இதற்காகவே எத்தனையோ பெற்றோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்... அனுப்பிவிட்டு அழுதுமிருக்கிறாள்.

இப்போது ஒரு டீச்சருக்குக் கனடா விசா வந்துவிட்டது. புது ஆள் கிடைக்காவிட்டால் மூன்று பிள்ளைகள் வீட்டில். எந்த மூன்று? அதை யார் போய்ச் சொல்வது?

விளம்பரம் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர் – வத்தளையிலிருந்து டிலானி. படிப்பு இருக்கிறது. பெரிய பாடசாலையொன்றில் அனுபவமும் இருக்கிறது. ரேணுகாவின் முகம் மலர்ந்த நேரம் பார்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் அந்த ஒன்பதில் ஒருவனான இம்ரான். டீச்சர்மார் வருவதையும் போவதையும் பார்த்துப் பழகியவன். நேரே டிலானியிடம் கேட்டான்:

“மிஸ், நீங்க எப்ப போற?”

டிலானி சிரிக்கவில்லை.

“ஸ்கூல் முடிஞ்சதும் போவேன். அடுத்த நாள் காலையில திரும்ப வருவேன்.”

இம்ரான் யோசித்தான். “சரி” என்று போய்விட்டான்.

அதற்கு மேல் பரீட்சை என்ன வேண்டிக்கிடக்கிறது? நான்தான் சும்மா இருக்காமல் கேட்டேன். “அவ்வளவு பெரிய ஸ்கூலை விட்டுட்டு ஏன் இங்க?”

“எங்க மகன் ஜோயலுக்கும் இப்படியான ஸ்கூல்தான் சரி. அங்க எடுக்க மாட்டாங்க. நீங்க எடுத்தீங்கன்னா... நாளைக்கே வர்றேன்.”

பத்தாவது பிள்ளை! ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சட்டத்தை உடைத்தால், திருப்பி அனுப்பிய பெற்றோருக்கு என்ன பதில்? உடைக்காவிட்டால் டீச்சரே இல்லை.

“கொஞ்சம் இருங்கோ” என்று டிலானியிடம் சொல்லிவிட்டு, என்னைத் தேநீர் போடும் குசினிக்குள் இழுத்துப் போனாள் ரேணுகா.

“நான் ஸ்கூல் ஒஃபிஸ் வேலையை விட்டுட்டு வகுப்பெடுக்கிறன். அப்ப நாலு டீச்சர். சட்டமும் உடையாது, இன்னும் ரெண்டு பிள்ளையளையும் எடுக்கலாம்!”

“நல்லதுதானே. அப்ப ஃபோன் எடுக்கிறது, கேட் திறக்கிறது, அம்மாமாரோட கதைக்கிறது எல்லாம் ஆர்?”

அவள் பார்வை என் மேல் விழுந்தது. என்னைப் போல் எழுதுகிறவர்கள் வீட்டில் சும்மா இருப்பவர்கள் என்று உலகமே நம்புகிறது – ரேணுகா மட்டும் விதிவிலக்கா?

ஆக, டிலானி வந்துவிட்டார். ஜோயலும் வந்துவிட்டான். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஃபோனுக்கும் கேட்டுக்கும் நான். மற்ற நாட்களில் பெற்றோர் முறை வைத்து வருகிறார்கள்.

என் முதல் வேலை, முன்பு திருப்பி அனுப்பிய ஒரு தாய்க்கு ஃபோன் எடுப்பது. “இடமிருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றேன்.

“மிஸ்... அதை இன்னொருக்கா சொல்லுங்கோ.”

சொன்னேன். நான் மிஸ் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை!