வாடகை வீட்டில் இருந்த வீட்டுக்கார அத்தை

செண்பகம் அத்தை இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் வந்தது. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அப்பாவைப் பார்த்து, "அத்தை போயிட்டாவளாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம ஒத்திப் பணம்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுதாள். அம்மாவை யாரும் தவறாக நினைக்க வேண்டாம். ராஜபாளையத்தில் எங்கள் காம்பவுண்டைத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கேள்வி ஏன் முதலில் வந்தது என்பதும் தெரியும்.

அத்தைக்கு இந்தக் காம்பவுண்டில் நான்கு வீடுகள்; அவற்றில் ஒன்றில் நாங்கள். கணவர் இறந்தபோது வந்த பணத்தில் இடம் வாங்கி, வங்கிக் கடனில் கட்டியவை. அத்தையோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். "நாலு வீட்டுக்காரி வாடகை வீட்டுல கெடக்காவ" என்று பக்கத்து வீட்டு முத்துமாரி அக்கா கேலி செய்வார். "அங்க நான் குடுக்கது ஆயிரத்தைந்நூறு, இங்க வாங்குதது நாலாயிரம். நீயே கழிச்சுப் பாரு ஏட்டி" என்பார் அத்தை.

மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி பேருந்தில் வந்து இறங்குவார். பையில் ஸ்பேனரும் வாஷரும் இருக்கும். வாடகை கேட்பதற்கு முன்னால் நான்கு வீட்டுக் குழாய்களையும் திறந்து மூடிப் பார்ப்பார். ஒருமுறை எங்கள் சமையலறையில் வாஷர் மாற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "சொட்டுத குழாயை விட்டா பொறவு சுவரு ஊறும். சுவரு ஊறுனா ஆளு காலி பண்ணிருவாக. ஆளில்லாத வீட்டுக்கும் பேங்குல தவணை கேப்பான்."

நாங்களும் முத்துமாரி அக்காவும் ஒத்திக்கு இருந்தோம். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும், காலி செய்யும்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் கொடுத்தது மூன்று லட்சம். அம்மாவின் நகையும் அப்பாவின் மில் சேமிப்பும் என் கல்லூரிப் படிப்புக்கு வைத்திருந்ததும் சேர்ந்த தொகை அது. பத்திரத்தைப் பதியவில்லை. "பதிவுச் செலவு எதுக்கு வீணா?" என்றவர் அப்பாதான். அத்தையும் வற்புறுத்தவில்லை. பதிந்தால் வங்கிக்குத் தெரிந்துவிடும்.

மற்ற இரண்டு வீடுகளின் வாடகையில்தான் வங்கித் தவணை போய்க்கொண்டிருந்தது. போன ஆண்டு அந்த இரண்டும் அடுத்தடுத்துக் காலியாயின. பல மாதங்கள் ஆள் வரவில்லை. ஒரு நாள் இரண்டு பேர் வந்து எங்கள் கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தவணைப் பாக்கியை அறுபது நாட்களுக்குள் கட்டாவிட்டால் வீடுகளை வங்கி எடுத்துக்கொள்ளும்.

செய்தி கேட்டு அத்தை அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டார். முத்துமாரி அக்கா என்னைக் கூப்பிட்டு நோட்டீஸை உரக்கப் படிக்கச் சொன்னார். வங்கியின் சம்மதமில்லாமல் சொத்தை ஒத்திக்கோ வாடகைக்கோ விடக் கூடாது என்ற வரியோடு நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாத, படி" என்றார் அத்தை. படித்தேன்.

"எங்க பணம் எங்கத்த?" என்றார் அக்கா.

"நீ குடுத்தது உனக்கு முன்னால இருந்தவுகளுக்குப் போயிட்டு. அவுக குடுத்தது இந்தச் சுவத்துல இருக்கு. பேங்குக்குச் சொல்லாம ஒத்திக்கு விட்டேன். தப்பு என்னுது."

"எங்க வீட்டுக்காரர் போலீஸுன்னு தெரியும்லா?"

"தெரியும். அதான் பொய் சொல்லாம நிக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை, தேவதானத்தில் தனக்கிருக்கும் அரை ஏக்கர் நிலத்தை விற்றுப் பாக்கியைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாங்குவதாகச் சொன்னவர் நாளைக் கடத்தினார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்தாள். நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துப் படித்தேன். கேட்டில் யார் கை வைத்தாலும் மூவரும் எழுந்து நின்றோம். கெடு முடிய நான்கு நாட்கள் இருந்தபோது அத்தை வந்து வங்கி ரசீதை அப்பா கையில் கொடுத்தார். காலி வீடுகளுக்கு வாடகையைக் குறைத்து ஆள் வைத்தார். அந்த வாடகையை முத்துமாரி அக்காவே வாங்கி நேராக வங்கியில் கட்டச் சொன்னார். "என் கைக்கு வந்தா பழைய பழக்கம் வந்துரும்" என்றார்.

நிலம் விற்றதில் மிஞ்சியதை அக்காவுக்குக் கொடுத்து ஒத்தியை முடித்து, அவரை மாத வாடகைக்கு மாற்றினார். நான் அவரிடமே கேட்டேன்: "எங்களுக்கு ஏன் அத்தை முதல்ல தரல?"

"உங்க அப்பா சத்தம் போட மாட்டாரு, அதான். நியாயம் இல்லன்னு எனக்கும் தெரியும்."

எங்கள் ஒத்தியை முடிக்கும் முன்பே அத்தை போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பட்டாளத்திலிருந்து வந்திருந்த அவர் மகன், காம்பவுண்டை விற்கப் போவதாகச் சொன்னார். அப்பா தயங்கி ஒத்தியைப் பற்றிச் சொன்னார்.

"அம்மா எங்கிட்ட சொல்லலையே. பதிஞ்ச பத்திரம் இருக்கா?"

"பதியல" என்றார் அப்பா. அப்போது முத்துமாரி அக்கா எழுந்தார். அவர் பணம் அவருக்கு வந்துவிட்டது. அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. "தம்பி, நான் சொல்லுதேன். மூணு லட்சம். உங்க அம்மா வாங்குனதையும் சொன்னாவ, பண்ணுன தப்பையும் எங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாவ. இவியளுக்குக் குடுத்துட்டுத்தான் நீங்க விக்கணும்."

மகன் எங்கள் பதியாத பத்திரத்தை வாங்கி, தன் அம்மாவின் கையெழுத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்தில், வீட்டை வாங்குகிறவர் முதலில் எங்கள் தொகையைத் தந்த பிறகே கிரயம் முடியும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா சாட்சி போட்டார்.

பணம் இன்னும் வரவில்லை. அத்தை நல்லவர் என்று மட்டும் எழுதி முடிக்க என்னால் இயலவில்லை. எங்களைக் கடைசியில் நிறுத்தியவர் அவர். ஆனால் அன்று கேட்டருகே அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால், அக்கா எங்களுக்காக எழுந்திருக்க மாட்டார். 'தப்பு என்னுது' என்று பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லை. அதைச் சொன்னபோது அத்தை யார் முகத்தையும் தவிர்க்கவில்லை. கடைசியாக என் முகத்தையும் பார்த்தார்.