துரை வீட்டு ஏலப் பெட்டி

போன வாரம் என் மகன் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வந்தான். சோப்புக்கட்டி அளவுதான். திருகியவுடன் பாடுகிறது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. "ரேடியோவ போய் யாராச்சும் மோந்து பாப்பாங்களாப்பா?" என்று சிரித்தான். அவனுக்கென்ன தெரியும். அந்தக் காலத்து, கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த ரேடியோப் பெட்டிகள் சூடேறும்போது தூசு வறுபடுகிற மணம் ஒன்று வரும். என் வயதுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். எனக்குக் குமட்டும். ஏனென்று உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

முப்பதுகளில் பினாங்குத் துறைமுகத்தருகே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம். டத்தோ கிராமட் சாலைப் பக்கம் வாடகை வீடு. வீட்டில் ஒரு கிராமபோன் உண்டு. அது பாடுவது அடுத்த அறைக்குக் கேட்காது. அதன் ஒலியை மின்சாரத்தால் பெருக்கும் பெட்டி ஒன்றை நானே செய்வதாக என் மனைவி மேரியிடம் சவடால் விட்டிருந்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தது. செம்புக் கம்பியும் கிடைத்தது. வால்வும் டிரான்ஸ்பார்மரும்தான் கிடைக்கவில்லை. சூலியா தெருவில் ஏறாத கடையில்லை. ஒருவன் செத்துப்போன வால்வைத் துடைத்துப் புதிதென்று என் தலையில் கட்டினான். சீமையிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்காகும் என்றான் இன்னொருவன்.

அப்போதுதான் எங்கள் துரை சீமைக்குத் திரும்பப் போகும் செய்தி வந்தது. துரைமார் கப்பலேறுமுன் பங்களாச் சாமான்களை ஏலம் போடுவது வழக்கம். கட்டில் முதல் மூத்திரச் சட்டி வரை புல்வெளியில் பரப்பிவிடுவார்கள். நல்லதையும் குப்பையையும் சேர்த்துக் கயிறு கட்டியிருக்கும். பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள், எடுத்தால் மொத்தமாக எடுக்கவேண்டும். நாங்கள் டை கட்டிக்கொண்டு போய் அந்த எச்சிலைப் பொறுக்குவோம். நினைத்தாலே சீ என்றிருக்கிறது.

அந்தத் துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில் இருந்தது. அதனால் மூன்று கிறிஸ்துமஸுக்கும் மேரி அவருக்கென்று தனியாகத் தேங்காய்ப்பால் விட்டு அச்சு முறுக்கு சுட்டாள். இரண்டாம் வருஷம் அவளுக்கு ஏழு மாதம்; கால் வீங்கி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுட்டாள். பிஸ்கட் டின்னில் அடுக்கி, எறும்பு போகாமல் மூடியைச் சுற்றி மைதாப் பசை தடவித் துணிப்பட்டை ஒட்டுவாள். நான் கொண்டுபோய்க் குனிந்து கொடுப்பேன். துரை "வெரி நைஸ்" என்பார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் மேரி வாசலிலேயே, "என்ன சொன்னாரு?" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் அந்த இரண்டு வார்த்தை போதாது. "அங்கேயே பிரிச்சு மூணு தின்னாரு. துரைசாணிக்கும் ஒண்ணு எடுத்து வச்சாரு" என்று அளப்பேன். "டின்ன திருப்பித் தரலையா? அப்ப ரொம்பப் பிடிச்சிருக்குலா!" என்று பூரித்துப்போவாள்.

ஏலத்தன்று ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து பழைய ரேடியோ ஒன்று எட்டிப் பார்த்தது. முதுகு திறந்து கிடந்ததால் வால்வும் டிரான்ஸ்பார்மரும் கண்ணில் பட்டன. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் பழைய சாமான் வியாபாரி, ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், "அது வேணாம்லா தம்பி. ஸ்டோர் ரூம்ல கெடந்த பெட்டி. கரப்பான் குடும்பம் நடத்தும்" என்றார். தானே அமுக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். பெட்டி எனக்கே வந்தது. வராந்தாவில் நின்ற துரைக்கு ஒரு கும்பிடும் போட்டேன். அவர் என்னை வேறு கிராணியின் பெயரால் கூப்பிட்டார். அதற்கும் பல்லை இளித்தேன்.

ரிக்‌ஷாவில் ஏற்றி வந்து பின்கட்டில் இறக்கினேன். ரேடியோவைத் தூக்கியதும் கரப்பான்கள் என் சட்டைக் கைக்குள் ஏறின. டிரான்ஸ்பார்மர் முழுக்க முட்டை. உதறிக்கொண்டு நான் குதிக்க, மேரி விழுந்து விழுந்து சிரித்தபடி துடைப்பத்தோடு வந்தாள். பெட்டிக்குள் குனிந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

அடியில் மூன்று பிஸ்கட் டின்கள். மூன்றிலும் அவள் ஒட்டிய துணிப்பட்டை. கரப்பான் அரித்தது போக மிச்சம் அப்படியே இருந்தது. ஒரு மனிதன் விரல் பட்டிருக்கவில்லை. ஒன்றைத் திறந்தாள். சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. பச்சைப் பூசணத்துக்குள் ஏதோ நெளிந்தது. நான் ஓடிப்போய் சாக்கடையில் வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். "மூணு தின்னாருன்னு சொன்னீங்க."

நான் குனிந்து டின்னை மூடினேன்.

"அவரு திங்கலேன்னா போவட்டும். வெள்ளக்காரன், அவனுக்கு என்ன தெரியும். நீங்க ஏன் சொன்னீங்க?"

துரை மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று நினைக்காதீர்கள், பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று அந்தப் பின்கட்டில் கரப்பானைவிட அருவருப்பாக எனக்குத் தெரிந்தவன் நான்தான்.

வால்வு உயிரோடு இருந்தது. துடைத்து, என் தேயிலைப் பலகைப் பெட்டியில் பூட்டினேன். பெட்டி தெருவே கேட்கப் பாடியது, அதுதான் இன்னும் கேவலம். சூடேறியபோது தூசோடு கரப்பான் எச்சமும் வறுபட்டது. மேரி அடுப்படியைவிட்டு வரவில்லை.

டிசம்பரில் புதுத் துரை வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலை எழுந்தால் வீடெல்லாம் தேங்காய்ப்பால் மணம். அதே டின்களில் ஒன்று, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மேசைமேல் இருந்தது. பட்டை ஒட்டியிருந்தது.

"வேல வேணும்ல? கொண்டு போங்க" என்றாள். "ஆனா வந்து ஒண்ணும் சொல்லாதீங்க."

கொண்டுபோனேன், வேறென்ன செய்வேன். வேலையும் நிரந்தரமாயிற்று. இன்று துரைமாரும் இல்லை, பங்களா ஏலமும் இல்லை, வால்வும் இல்லை, தொலைந்தது சனியன். ஆனால் வாசலில் நின்று "என்ன சொன்னாரு?" என்று கேட்பதை மேரி அன்றோடு விட்டுவிட்டாள். அதன்பிறகு நல்ல சேதிகளும் எத்தனையோ கொண்டுவந்தேன். கண்மூடும்வரை அவள் ஒருநாளும் கேட்கவில்லை.