மீன்கள் ஏன் மேலே வந்தன?

போன மாதம் இதே பத்தியில் என் வீட்டு மீன்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? தொட்டிப் பக்கம் போனாலே மூன்று தங்கமீன்களும் மேலே ஓடி வந்து, வாயைத் திறந்து திறந்து என்னிடம் பேசுகின்றன என்று எழுதியிருந்தேன். 'அன்புக்கு மொழி எதற்கு?' என்று ஒரு வாசகி உருகிப்போய் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

அம்மா, மன்னிக்க வேண்டும். எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மீன்கள் என்னுடையவை அல்ல. என் மனைவி விஜயாவுடையவை. மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போனவள் மூன்று மாதம் என்றுதான் சொன்னாள். குழந்தைக்குச் சளி, மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும்... டிக்கெட் இரண்டு முறை தள்ளிப்போய், இப்போது ஏழு மாதம். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அவள் சொன்னது ஒன்றுதான். "மீனையும் விளக்கையும் பாத்துக்குங்க."

என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இப்போது நான், மீன்கள், டிவி. சில நாள் லிஃப்டில் யாரிடமாவது 'குட்மார்னிங்' சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் காலையில் குளித்து, விளக்கேற்றி, தொட்டியருகே வந்ததும் மூன்றும் மேலே வருவது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. நானும் குனிந்து நாட்டு நடப்பெல்லாம் சொல்லுவேன்.

சில வாரங்களாகத் தண்ணீரின் மேல் ஒரு படலம். ரசம் ஆறினால் மேலே மினுமினுக்குமே, அப்படி. தண்ணீரை மாற்றினால் போகும்; இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும். போன வாரம் சின்ன மீன் தீனியைத் தொடாமல் மூலையில், மேல்மட்டத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் விஜயாவுக்கு என்ன பதில் சொல்வது?

சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கிவிட்டு, பையோடு ஒரு வளர்ப்பு மீன் கடைக்குள் நுழைந்தேன். கடையில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"இது ஆயில் ஃபில்ம் லா, அங்கிள். டேங்க் கிச்சன் பக்கத்துலயா இருக்கு?"

"ஹால்ல இருக்கும்மா."

"வீட்டுல நிறைய ஃப்ரை பண்ணுவீங்களா?"

"நானா? தண்ணி சுட வைக்கிறதோட சரி. சாப்பாடெல்லாம் கீழ காப்பிக்கடையில."

அவள் கண் என் பைக்குள் போனது. நல்லெண்ணெய் பாட்டில், ஒரு கட்டுத் திரி.

"விளக்கேத்திட்டுதான் ஃபிஷ்ஷுக்கு ஃபீட் பண்ணுவீங்களா?"

"ஆமா. சாமிக்கு முதல்ல. அப்புறம்தானே மத்தவங்களுக்கு?"

"கை கழுவுவீங்களா?"

திரியை எண்ணெயில் நனைத்து, நுனியைத் திருகி ஏற்றிவிட்டு, விரலில் மிச்சமிருப்பதை என்ன செய்வோம்? நம்மில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். "தலையில தடவிக்குவேன்," என்றேன். அதே விரல்களால்தான் தினமும் தீனியைக் கிள்ளிப் போட்டு, அது நனையும்படி தண்ணீரில் லேசாக அலசியும் விட்டிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. "தண்ணி மேல எண்ணெய் மூடிட்டா காத்து சரியா உள்ள போகாது. அதுங்களுக்கு மூச்சு முட்டும். அதான் மேல வந்து வாயைத் திறக்குது அங்கிள்."

"என்னைப் பாக்க வரலையா?"

கேட்டே விட்டேன். அறுபத்தெட்டு வயது ஆள் கேட்கிற கேள்வியா இது? அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாப்பாட்டு நேரத்துல வரும் அங்கிள்," என்றாள். நல்ல பெண்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடியே செய்தேன். கிச்சன் டிஷ்யூவைத் தண்ணீர் மேல் பரப்பி, எண்ணெய் ஒட்டியதும் மெதுவாகத் தூக்கி எறிந்தேன். நாலைந்து தாள் ஆனது. ஃபில்டர் குழாயைச் சற்று உயர்த்தி, தண்ணீர் மேலே சலசலவென்று விழும்படி வைத்தேன். இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொட்டிப் பக்கமே போவதில்லை.

படலம் போய்விட்டது. சின்னதும் பிழைத்துக்கொண்டது. மூன்றும் அடியில், கூழாங்கற்களுக்கிடையே தம் பாட்டுக்குத் திரிகின்றன. தீனி நேரம் தவிர, நான் போய் நின்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. பழையபடி எண்ணெய் விரலை ஒரு தடவை வைத்துப் பார்த்தால் என்ன என்றுகூடத் தோன்றியது... தோன்றியதைத்தான் சொல்கிறேன், செய்யவில்லை.

ஞாயிறு மாலை வீடியோ காலில் விஜயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் எப்பவும் மீனுக்குப் போட்டுட்டுத்தானேங்க விளக்கேத்துவேன்? மீன் வாங்கி நாலு வருஷமாச்சு, ஒரே வீட்டுல இருந்து பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

பின்னால் குழந்தை அழுதது. அவள் எழுந்துகொண்டே, "சரி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். இந்தக் கேள்விக்கு 'எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்' என்பதுதான் இதுவரை என் பதில்.

"முடியல விஜயா. இந்தத் தடவை டிக்கெட்டைத் தள்ளிப் போடாத."

அவள் நின்றுவிட்டாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

மூச்சு முட்டினால் மீன்கூட வாயைத் திறக்கிறது. எனக்குத்தான் ஏழு மாதம் ஆயிற்று.