ஐயாவுக்கு முதுகு காட்டிய நாள்

காலை 8.40. தேனி அல்லிநகரத்து வாடகை அறையைப் பூட்டிவிட்டுக் கம்பம் பேருந்து ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஒன்பது வருடம் இருந்த ஆசிரமத்தை விட்டு வெளியேறி ஐந்து மாதமாகிறது. என் நர்சிங் சான்றிதழ்கள் மட்டும் ஆசிரமத்தை நடத்தும் ஐயாவின் பீரோவிலேயே மாட்டிக்கொண்டன. திங்கட்கிழமை அசலைக் காட்டாவிட்டால் கிடைத்த வேலை போய்விடும். ஜன்னலோர இடம் கிடைத்தும் மலையைப் பார்க்க மனமில்லை. சின்னமனூர் தாண்டியதும், உத்தமபாளையத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

10.00. கம்பத்தில் ஆட்டோ பிடித்தேன். காமயகவுண்டன்பட்டி தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஆசிரமம். போய்வர முந்நூறு ரூபாய். ஓட்டுநர் பஷீர் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"பயப்படாம போயிட்டு வாங்கம்மா. வண்டியத் திருப்பியே நிப்பாட்டுறேன். அரை மணி நேரம் ஆச்சுன்னா ஹாரன் அடிப்பேன். அதுக்கும் வரலைன்னா உள்ள வந்துருவேன்" என்றார்.

10.25. வாசலில் செல்வி நின்றாள். ஒன்பது வருடமும் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள்.

"ஐயா தியானத்துல இருக்காக. உக்காரு."

உடனே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் என்மேலேயே கோபம் வந்தது. எழுந்து நின்றுகொண்டேன்.

ஐயா வந்தபோது வெளியே ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து என் சான்றிதழ் ஃபைலை மேசைமேல் போட்டார்.

"வெளிய போயிப் பொழைக்கத் தெரியுமா ஒனக்கு?"

"பழகிக்கிறேன்யா" என்றேன். ஃபைலை எடுத்துக்கொண்டேன்.

ஃபைலோடு நகர்ந்தபோது என் கால்கள் பின்னோக்கியே நடந்தன. ஐயாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். மூன்றடி போன பிறகே உறைத்தது. வெட்கமாக இருந்தது. நின்று, திரும்பி, முதுகைக் காட்டி நடந்தேன். வாசலுக்கு இருபதடிதான் இருக்கும். யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று கழுத்து விறைத்துப்போனது.

யாரும் கூப்பிடவில்லை. ஆனால் செல்வி ஆட்டோ வரைக்கும் ஓடிவந்தாள்.

"இப்ப எங்கன இருக்க?"

வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

"எம் பன்னெண்டாப்பு சர்ட்டிபிகேட்டும் அதே பீரோவுலதான் கெடக்கு" என்றாள், தரையைப் பார்த்தபடி.

முகவரியைச் சொன்னேன்.

மதியம் 12.50, தேனி. ஆசிரமத்துக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. என் அறைக்கு உண்டு. பகலிலும் போட்டே வைத்திருப்பேன். இனி அந்தக் கதவைத் தட்டப்போவது ஆசிரமத்து ஆட்களா, செல்வியா, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. வரும் வழியில் இருநூற்று இருபது ரூபாய்க்கு இன்னொரு பாய் வாங்கிவந்தேன்.