பூக் கேட்கப் போன பெருமாயி

பெற்ற மகள் கைக்குழந்தையோடு வந்து நிற்கும்போது பெருமாயி ஏன் முதுகைக் காட்டி நடந்தாள்? கொல்லிமலை அரியூர் நாட்டில் இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொன்னவர்களும் பதிலை எதிர்பார்க்கவில்லை. "அவளும் ஒரு தாயா" என்று முடித்துவிட்டார்கள்.

அது 1918. தேசம் முழுக்க மழை பொய்த்த வருசம். பம்பாயில் கப்பலோடு வந்து இறங்கிய காய்ச்சல், ரயிலேறிச் சேலம் வந்து, வண்டிப் பாதையில் ஊர் ஊராகப் பரவியது. கொல்லிமலையில் சாமை கதிர் பிடிக்காமலே கருகியது. பெருமாயியின் மகள் பாப்பாத்தி, கூலி வேலை தேடிப் புருசனோடு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியிருந்தாள்.

காய்ச்சல் அடிவாரத்துக்கு வந்ததும் மலையில் ஊர் கூடியது. பாதையை மறித்து முள்ளை வெட்டிப் போட்டார்கள். யாரும் ஏறக் கூடாது. இறங்கினவர் திரும்பக் கூடாது. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

பெருமாயியும் பக்கத்து வீட்டுக் குப்புசாமியும் காவல் இருந்த காலையில்தான் பாப்பாத்தி ஏறி வந்தாள். முள்ளுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"அவரு போயிட்டாரும்மா. எனக்கும் மேலு சுடுது. என்னைய உள்ள விட வேண்டாம். பாப்பாவை மட்டும் வாங்கிக்க. இவளுக்கு ஒண்ணும் இல்ல."

பெருமாயி கையை நீட்டினாள். குப்புசாமி தடியைக் குறுக்கே வைத்தார்.

"கீழ அரிசிச் சோறு திங்கப் போனவங்க கீழயே இருக்கட்டும். நீ வாங்கினா மலையே போயிரும்."

"உங்க பேத்தியா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களாண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார். "சாமி பூக் குடுத்தா நானும் விட்டுருவேன், ஊரும் விட்டுரும். போய்க் கேளு."

"கண்ணு, இங்கயே இரு. கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி நடந்தாள். ஊர் பார்த்தது இந்த நடையை மட்டும்தான்.

கோயிலில் பூசாரி ஈரப் பூவைச் சாமிக் கல்லின் தலையில் ஒட்டினார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். பூ அசையவில்லை. பெருமாயி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"தள்ளி நில்லு. உன் மூச்சுல விழுந்தா சாமி குடுத்ததா ஆவாது" என்றார் பூசாரி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு பூ விழுந்தது. வலப்பக்கம்தான் விழுந்தது.

அவள் ஓடி வந்தபோது முள்ளுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. குப்புசாமி தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கொளந்தைக்கு இருமல் எடுத்துருச்சு பெருமாயி. அவளே எந்திரிச்சா. 'அம்மா வந்தா வாங்கிக்கும் மாமா, அதுக்கு மனசு கேக்காது. வர்றதுக்குள்ள நான் எறங்கிர்றேன்'னா. நான் தடுக்கல."

"பூக் குடுத்துருச்சுங்கண்ணா" என்றாள் பெருமாயி.

அவள் வெறுங்கையால் முள்ளை இழுத்து விலக்கினாள்.

"எறங்கினா திரும்ப ஏற முடியாது, பாத்துக்க."

"ஏறி என்னங்க பண்ணப் போறேன்."

காரவள்ளியில் ஒரு மாட்டுக் கொட்டகையில் இருவரையும் கண்டுபிடித்தாள். குழந்தையின் உயிர் அவள் மடியில் போனது. அடுத்து பாப்பாத்தி. "வந்துட்டியா, ஏம்மா வந்த" என்பதுதான் அவள் கடைசியாகப் பேசியது. பெருமாயிக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காய்ச்சல் ஓய்ந்து பாதையைத் திறந்த பிறகும் அவள் மலை ஏறவில்லை. அடிவாரத்து வயல்காடுகளில் களை பிடுங்கிக் காலம் தள்ளினாள். குப்புசாமியும் பூசாரியும் நடந்ததை ஊரில் சொல்லவில்லை. மலையில் தன்னைப் பற்றித் தப்பாகப் பேசுவது காதில் விழுந்தும், ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. கூடக் களை எடுத்த இருசாயி ஒருத்தியிடம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இருசாயி வாயிலாகத்தான் இது வெளியே வந்தது.

மலைக்கு மேலே இன்னும் பாதிக் கதைதான் தெரியும். அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால், அரியூர் நாட்டில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், மீதிக் கதையை வாயால் சொல்லிவிடுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.